தொண்ணூறாயிரம்தான் கூட என்கிறார்கள், கொடுக்கலாமா?

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பள்ளி ஆசிரியர். மனைவி, மூன்று வயதுக் குழந்தை, கூடவே அப்பாவும் அம்மாவும். முதல் கார் வாங்கப் போகிறார். நடு வேரியண்ட் ஷோரூம் விலை 9 லட்சத்து 40 ஆயிரம், டாப் வேரியண்ட் 10 லட்சத்து 30 ஆயிரம். "தொண்ணூறாயிரம்தான் சார் கூட, தவணையில் தெரியவே தெரியாது" என்கிறாராம் விற்பனையாளர். வீட்டில் இரண்டு கட்சி. மலிவாக வாங்கினால் இரண்டு தடவை வாங்க வேண்டும் என்பது மனைவி. பேருக்குத்தான் காசு, உள்ளே எல்லாம் ஒன்றுதான் என்பது அப்பா. சோப்பு, எண்ணெய், விசிறி, கேட், இப்போது கார் வரைக்கும் இதே சண்டையாம். கூடுதல் விலை கொடுப்பதில் பிரயோசனம் உண்டா என்று கேட்கிறார்.

நான் 26 வருடமாக வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தலாம், கம்பெனி எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் நான் குனிந்து பார்க்காத ஒர்க்‌ஷாப் குறைவு. அதற்கு முன்னால் திங்கள்சந்தையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தவன். அதனால் சோப்பைப் பற்றியும் பேசுவேன், சைலன்சரைப் பற்றியும் பேசுவேன்.

முதலில் கடைக் கதை ஒன்று. எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி இன்னொரு பலசரக்குக் கடை. அவர் ஒரே மூட்டைத் துவரம்பருப்பை இரண்டு டின்னில் கொட்டி வைப்பார். ஒரு டின்னில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட எழுதிய அட்டை. முதலில் தீர்வது எப்போதும் அந்த டின்தான். "உங்க நல்ல பருப்பு சீக்கிரமா வேகுது" என்று ஆட்கள் திரும்பி வந்து சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. கூடக் காசு கொடுத்தவர் மனசுக்கு அது நன்றாகத்தான் வெந்திருக்கும். உங்கள் அப்பா சொல்வதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது.

ஆனால் விலை குறைவாக இருப்பதும் ஒரு சேதி சொல்லும். தேங்காயெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோ கொப்பரையை ஆட்டினால் ஆறு, ஆறரை கிலோ எண்ணெய் வரும், மீதி பிண்ணாக்கு. கொப்பரை கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் பத்து கிலோவுக்கு 2,000. அதை ஆறேகாலால் வகுத்தால் கிலோ எண்ணெய்க்கு 320 ரூபாய். பிண்ணாக்கு விற்கிற காசு ஆட்டுக்கூலிக்குச் சரியாகப் போகும். அன்றைக்கு ரோட்டோரத்தில் "சுத்தமான செக்கு எண்ணெய் 240" என்று போர்டு வைத்திருந்தால் அதில் தேங்காய் அல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. வேறு கணக்கே கிடையாது. அதே எண்ணெயை அழகான கண்ணாடிப் பாட்டிலில், சணல் கயிறு கட்டி, 700 ரூபாய்க்கு விற்றால் அது சுத்தம் என்பதற்கு அந்த 700 சாட்சி ஆகாது. அடக்க விலைக்குக் கீழே போனால் கலப்படம் என்று உறுதியாகச் சொல்லலாம், மேலே போனால் ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் கொப்பரை வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் நின்று ஆட்டித்தான் எடுக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு இது முடியாது, நமக்கு முடியும்.

தேங்காயெண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்று வரிக்காரர்களும் கம்பெனிகளும் வருடக்கணக்கில் வழக்காடி, சின்னப் பாட்டிலில் அடைத்தாலும் அது சமையல் எண்ணெய்தான் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைக்கும் தாளிப்புக்கும் ஒரே பாட்டிலை எடுக்கிற நம்மூர் ஆச்சிகளிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

சோப்பில் விளம்பரத்தைப் பார்க்காமல் உறையின் பின்பக்கம் பாருங்கள். டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், சோப்பில் உள்ள கொழுப்புச் சத்தின் அளவு அது. 76 சதவீதமும் மேலும் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். "பாத்திங் பார்" என்று போட்டிருந்தால் அது இந்தக் கணக்கிலேயே வராது. விலை கூடிய சில சோப்புகள் பாத்திங் பாராக இருப்பதும், விலை குறைந்த சில 76ஐத் தொடுவதும் உங்களுக்கே தெரியவரும். அரிசியில் ஒரு விஷயம். 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை போனால் வரி இல்லை. 26 கிலோ மூட்டை என்ற விநோதம் வந்ததே அதனால்தான். ஐந்து கிலோ பாக்கெட்டாக ஐந்து தடவை வாங்குகிறவர் வரியும் கட்டுகிறார், பாக்கெட்டுக்கும் காசு கொடுக்கிறார். ஆனால் பழைய அரிசிக்குக் கூடக் கொடுப்பது தகும். உலையில் விரிந்து வரும், குழையாது.

மீனுக்கு வேறு கணக்கு. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு கடல் வாய்த்த மாதிரி இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு போகாது. அப்போது நெய்மீனுக்கு, அதாவது வஞ்சிரத்துக்கு, கேட்கிற விலை மீனுக்கல்ல, காலண்டருக்கு. சாளை, அதாவது மத்தி, மலிவாகக் கிடைக்கிற நாளில் சாளை வாங்குகிறவர் எதையும் இழக்கவில்லை. இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிற ஒமேகா-3 கொழுப்பு சாளையில் தாராளமாக இருக்கிறது. விருந்தாள் வந்தால் நெய்மீன் வாங்குங்கள், அது வேறு விஷயம்.

இதெல்லாம் தின்று தீர்கிற, தேய்ந்து தீர்கிற சாமான்கள். சோப்பு மோசம் என்றால் அடுத்த மாதம் வேறு சோப்பு. நஷ்டம் சோப்போடு போயிற்று. உங்கள் மனைவி சொல்வது உண்மையாவது வேறு வகைச் சாமானில்: தான் கெடும்போது பக்கத்தில் இருப்பதையும் கூட இழுத்துக்கொண்டு போகிற சாமான். சுவருக்குள் புதைகிற தண்ணீர்க் குழாய், வயரிங், கார் டயர், பிரேக் எல்லாம் இந்த ஜாதி. நான் எதை வாங்கினாலும் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன். இது கெட்டுப் போனால் கூட எது கெடும்? ஒன்றும் கெடாது என்றால் மலிவு போதும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2014ல் வீடு கட்டினேன், கடலிலிருந்து நேர்க்கோட்டில் மூன்று கிலோமீட்டர் இருக்கும். பால்கனிக்கும் மாடிப்படிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி. ஒரு கடையில் விலை 14 ஆயிரம் குறைவாகச் சொன்னார்கள். "எல்லாம் ஒரே எஸ்எஸ்தான் சார்" என்று கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன். இரண்டாவது ஆடி மாதம் கம்பியெல்லாம் தேநீர் சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புப் புள்ளி. துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். நான்காம் வருடம் கால் ஊன்றிய இடத்தில் வெல்டிங் விட்டுப் போய், துருத் தண்ணீர் கிரானைட்டில் இறங்கிக் கறை பிடித்தது. கம்பி மாற்றினேன், கிரானைட்டும் மாற்றினேன். 14 ஆயிரம் மிச்சம் பிடித்ததற்கு 60 ஆயிரத்துக்கு மேல் செலவு.

பிறகுதான் விசாரித்தேன். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 202 என்ற ரகம். விலையைக் குறைக்க நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது. 304ல் நிக்கல் எட்டு சதவீதம் அளவுக்கு இருக்கும். உப்புக்காற்றைத் தாங்குவதற்கென்றே மாலிப்டினம் கலந்தது 316. காந்தம் 202லும் ஒட்டாது, 304லும் ஒட்டாது. ஆகவே அந்தக் காந்தச் சோதனை வெறும் கண்கட்டு. கம்பியில் ரகம் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் அலைச் சத்தம் கேட்கிற வீடு என்றால் 316க்குக் கொடுங்கள். தக்கலை உள்நாடு, உங்களுக்கு 304 தாராளம். குலசேகரத்து ரப்பர் தோட்டத்துக்குள் வீடு என்றால் பெயின்ட் அடித்த இரும்பே போதும், வருடம் ஒரு தடவை சுரண்டி அடிக்க மனசிருந்தால்.

விசிறி கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சாதா விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ரக விசிறி 30 வாட் அளவு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 200 யூனிட் பக்கம் மிச்சம். யூனிட் ஐந்து ரூபாய் என்று போட்டால் 1,000 ரூபாய். விலை வித்தியாசம் ஒன்றரை வருடத்துக்குள் கழிந்துவிடும். ஆனால் படுக்கையறை, கூடம் இரண்டுக்கும்தான் இது. எப்போதாவது சுற்றுகிற விசிறிக்குப் பழையதே போதும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்குகிற வீட்டுக்கு இதனால் ஒரு பைசா லாபமில்லை.

இனி கார்.

தொண்ணூறாயிரம்தான் கூட என்று சொன்னவர் கணக்குப் போடவில்லை, அல்லது போட்டுவிட்டுச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள்கால சாலை வரி நான்கு படி. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் 18 அல்ல, மொத்தத்துக்கும் 18. உங்கள் நடு வேரியண்டுக்கு வரி 1,22,200 ரூபாய். டாப் வேரியண்டுக்கு 1,85,400. வரியில் மட்டும் 63,200 கூடுகிறது. தொண்ணூறாயிரத்தோடு சேர்த்தால் 1,53,200. பத்து லட்சம் தாண்டியதால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி, வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போக வேண்டும். இந்த ஒன்றரை லட்சத்தையும் கடனில் போட்டு, ஒன்பது சதவீத வட்டிக்கு ஐந்து வருடம் கட்டினால் மாதம் 3,180 ரூபாய், மொத்தம் 1,90,000 தாண்டும். விற்பனையாளர் சொன்ன தொகையைப் போல இரண்டு மடங்கு.

அதே மாதிரி இன்னொரு வேலி ஜிஎஸ்டியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு நாலு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 சிசிக்குள் எஞ்சினும் இருந்தால் 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. கொஞ்சம் பெரிய எஞ்சின் என்று ஆசைப்படுகிறபோது அந்த ஆசையில் எவ்வளவு அரசாங்கத்துக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் வண்டிக்கு 5 சதவீதம்தான். அது தனிக் கதை.

சரி, அந்த ஒன்றரை லட்சத்துக்கு வண்டியில் என்ன வருகிறது? நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் சன்ரூஃப், அலாய் வீல், எல்இடி ஹெட்லைட், பெரிய திரை. இவை நான்கையும் நான் ஒர்க்‌ஷாப்பில் பிணமாகப் பார்க்கிறவன், அதனால் என் பார்வை கொஞ்சம் கோணலாக இருக்கலாம்.

சன்ரூஃபுக்கு ஈத்தாமொழி கதை ஒன்று போதும். அந்த ஊர்த் தென்னை நெட்டை, புவிசார் குறியீடு வாங்கிய நெட்டை. ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில், நிழல் கிடைத்ததே என்று புது வண்டியைத் தென்னைக்கு அடியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே ஒரு முற்றிய காய். நான் போய்ப் பார்த்தபோது கண்ணாடி உப்புக்கல் மாதிரி சீட் முழுக்கச் சிதறிக் கிடந்தது, தேங்காய் மட்டும் முழுசாக, பின்சீட்டில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை, அதனால் அது முழுசாகக் கிடைத்தது. சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்குப் பாதிதான். கட்டாயக் கழிவு 1,000. காசு பெரிய பிரச்சினை இல்லை. கண்ணாடி வர மூன்று வாரம் ஆயிற்று, அதுவரை வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதே முற்றத்தில் நின்றிருந்த பக்கத்து வண்டியின் தகரக் கூரையிலும் ஒரு காய் விழுந்திருந்தது. டிங்கர் ஒருவர் உள்ளிருந்து தட்டி எடுத்து, பெயின்ட் அடித்து, இரண்டாம் நாள் அனுப்பிவிட்டார்.

தேங்காய் விழாவிட்டாலும் மழை விழும். நமக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். சன்ரூஃபைச் சுற்றி விழுகிற தண்ணீரைக் கீழே இறக்க நான்கு மூலையிலும் சின்னக் குழாய் உண்டு. ரப்பர் இலையும் பூம்பொடியும் அதை அடைக்கும். அடைத்தால் தண்ணீர் கூரைத் துணிக்குள் இறங்கும், அங்கிருந்து கார்பெட்டுக்கு, கார்பெட்டுக்கு அடியில் ஓடுகிற வயருக்கு. கெட்டால் கூட எது கெடும் என்று கேட்டேனே, இது அந்தப் பட்டியலில் மேலே இருக்கிறது, அதுவும் நாம் காசு கொடுத்து வரவழைத்தது.

அலாய் வீல் பார்க்க அழகு. பள்ளத்தில் விழுந்தால் இரும்பு டிஸ்க் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும், விட்டால் மாற்ற வேண்டும். ஹெட்லைட்டும் அப்படித்தான். சாதா பல்பு எரிந்தால் சில நூறு ரூபாய். எல்இடி செட் உடைந்தால் முழு யூனிட், ஆயிரக்கணக்கில். ஆனால் இரவில் அதிகம் ஓட்டுகிறவருக்கு நல்ல வெளிச்சத்தின் அருமை தெரியும், அதனால் இதை மட்டும் வெட்டிச் செலவு என்று சொல்ல எனக்கு மனசில்லை. திரையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மூன்று வருடத்தில் அதைவிட நல்லது உங்கள் சட்டைப்பை போனிலேயே இருக்கும்.

இதற்கெல்லாம் விற்கும்போது காசு வருமா என்று கேட்பார்கள். இன்சூரன்ஸ் கணக்கில் வண்டியின் மதிப்பு ஐந்தாம் வருடத்தில் ஷோரூம் விலையில் பாதி. சந்தையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கொடுத்த சாலை வரி அதில் கிடையாது.

கூடக் கொடுத்தே ஆக வேண்டிய இடம் எது? உயிர் சம்பந்தப்பட்டது. ஏர்பேக் எத்தனை, இஎஸ்சி உண்டா, பின்சீட்டில் நடுவில் உட்காருகிறவருக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா என்று அந்த நடு வேரியண்டிலேயே கேளுங்கள். இஎஸ்சி என்பது வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்குகிற ஏற்பாடு. நம் மழையில், வளைவில் அதன் அருமை தெரியும். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். உங்கள் மாடலுக்கு எத்தனை என்று பாருங்கள். நடு வேரியண்டில் இவை இல்லை, டாப்பில்தான் உண்டு என்றால் நான் இதுவரை சொன்ன வரிக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு டாப் எடுங்கள், அல்லது வேறு மாடல் பாருங்கள்.

இன்சூரன்ஸிலும் மலிவு பார்க்காதீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்கெல்லாம் பாதி கழித்துத்தான் கொடுப்போம். இன்றைய வண்டியின் முகமே பிளாஸ்டிக்தான். பம்பர் 8,000 என்றால் 4,000 உங்கள் கைக்காசு. முதல் ஐந்து வருடம் இந்தக் கழிவு இல்லாத "பம்பர் டு பம்பர்" பாலிசி எடுங்கள். கூடவே எஞ்சின் பாதுகாப்பு என்று ஒரு சேர்க்கை உண்டு, அதையும் விடாதீர்கள். 2021 நவம்பர் மழை ஞாபகம் இருக்கும். ராத்திரி முற்றத்தில் இடுப்பளவு தண்ணீர், காலையில் வடிந்துவிட்டது. அன்றைக்கு நான் பார்த்த வண்டிகளில் பாதி தண்ணீரால் கெடவில்லை, சாவியால் கெட்டன. ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போமே என்று ஒரு தடவை முறுக்கியிருப்பார்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே போக இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்த சேதமில்லை, பிறகு முறுக்கியதால் வந்தது என்று சாதாரண பாலிசியில் மறுத்துவிடுவார்கள். எழுதுகிற நானே மறுத்து எழுத வேண்டியிருக்கிறது, எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஆகவே வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தொடாமல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

அதே சமயம் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை தள்ளுபடி ஏறும். 2,500 ரூபாய் பெயின்டுக்காக அதை இழப்பது நஷ்டம். பாலிசியை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பாருங்கள்.

ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், நீட்டித்த வாரண்டி என்று ஒரு தாம்பாளமே நீட்டுவார்கள். டெஃப்லான் வேண்டாம். அண்டர்பாடி கடலோர வீட்டுக்காரர்களுக்குச் சரி, தக்கலைக்கு வேண்டாம். வாரண்டி நீட்டிப்பு எடுக்கலாம், இப்போதைய வண்டியில் கெடுவதில் பாதி எலக்ட்ரானிக்ஸ்.

டீசல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கும் வீட்டுக்குமாக வருடம் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய் மிச்சம் என்று போட்டாலும், டீசலுக்கென்று கூடக் கொடுக்கிற ஒன்றரை லட்சம் திரும்ப வர பத்து வருடத்துக்கு மேல். அதோடு இப்போதைய டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட ஓட்டம் வேண்டும். தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்குமாக ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். பிரீமியம் பெட்ரோலும் வேண்டாம். ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை, எஞ்சினில் தட்டல் வராமல் தாங்குவதைச் சொல்கிறது. உங்கள் எஞ்சினுக்கு மேனுவலில் போட்டிருக்கிறதைவிடக் கூடப் போட்டுப் பயனில்லை.

அப்பா "கேஎல் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே" என்கிறாராம். பாறசாலை தாண்டினால் பழைய வண்டி விலை குறைவாகத் தெரிவது உண்மை. ஆனால் வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவை மாற்ற வேண்டும். அதற்குத் தடையில்லாச் சான்று, இங்கத்தைய வரி, டிஎன் 75 எண் கைக்கு வருகிற வரை அலைச்சல். இந்தச் செலவையும் கூட்டிவிட்டு மலிவா என்று கேளுங்கள். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பல பளபளவென்று கை மாறியதும் நினைவிருக்கட்டும். பழைய வண்டி பார்க்கிறபோது முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கழுவுகிறவர்கள் அதைக் கழுவ மறந்துவிடுவார்கள், சேற்றுக்கோடு அங்கே நிற்கும்.

ஆக என் கையில் விட்டால் நடு வேரியண்ட், பெட்ரோல், நல்ல இன்சூரன்ஸ். மிச்சமாகிற ஒன்றரை லட்சத்தில் முதல் செலவு குழந்தைக்கு ஐசோஃபிக்ஸில், அதாவது கார் சீட்டிலேயே இருக்கிற கொக்கியில், மாட்டுகிற ஒரு சீட். இதில் மட்டும் விலை பார்க்காதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு போவதும், அதைவிட மோசமாக சன்ரூஃபில் தலை நீட்ட விடுவதும் நம் ஊரில் பாசம் என்று நினைக்கிறார்கள். ஒரு சடன் பிரேக்கில் மடியிலிருக்கும் குழந்தையை யாராலும் பிடித்து வைக்க முடியாது, நான் பார்த்த சில வண்டிகளைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

அடுத்தது டயர். நான்கு ஐந்து வருடம் கழித்து மாற்றும்போது நல்லதாகப் போடுங்கள். ரப்பர் பால் வெட்டுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு டயரில் மட்டும் பேரம் பேசுகிறோம். தேய்ந்து தேய்ந்து டயர் வரிகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று காட்ட டயரிலேயே சின்ன மேடு வைத்திருப்பார்கள். நம் மழைக்கு அதுவரை கூடக் காத்திருக்க வேண்டாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. புது வண்டி டெலிவரி எடுக்கும் அன்றும் ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் பார்த்துவிடுங்கள், பூசணிக்காய் உடைக்கிற அவசரத்தில் மறந்துபோகும்.